காற்று மெலிந்த ஊரில் இரண்டு நாற்காலிகள்

மலையேறினால் காற்று மெலியும், இறங்கினால் அடரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தில்லியிலிருந்து லே போகும் விமானத்தில் அது தலைகீழாக நடக்கிறது. பயணிகள் விமானத்தின் உள்ளே ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்து மலையூரில் இருக்கும் காற்றழுத்தத்தையாவது வைத்திருக்கிறார்கள். அதைவிடக் குறைய விடுவதில்லை. லே விமான நிலையமோ 3,256 மீட்டரில் இருக்கிறது. கதவைத் திறப்பதற்குள் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஒன்றாக வேண்டும். ஆகவே விமானம் தரையை நோக்கி இறங்க இறங்க, உள்ளிருக்கும் காற்று மெலிந்துகொண்டே வருகிறது. உடல் இறங்குகிறது, நுரையீரல் மலையேறுகிறது.

லேவுக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடும். பகல் ஏறினால் பள்ளத்தாக்கில் காற்று சுழன்றடிக்கும். நான் போனது அக்டோபரின் பிற்பகுதி. கீழே ஸான்ஸ்கார் மலைகள் மேல் இளவெயில். பழுப்பு, சாம்பல், ஊதா, உச்சியில் வெள்ளை. பச்சை என்றொரு நிறம் இருப்பதையே மறந்துவிட்ட நிலம். சிந்து நதியின் ஓரத்தில் மட்டும் தங்க மஞ்சளில் ஒரு கோடு ஓடியது. இலையுதிர்க்கத் தயாரான பாப்ளர் மரங்கள். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் ஊரில் மரம் நிற்கிறது என்றால், அதன் காலடியில் யாரோ வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

சுற்றுலாப் பயணிகள் நடுவே நான் வேலையாக வந்தவன். பல் மருத்துவமனைகளில் நாற்காலிகளைப் பொருத்துவது என் தொழில். ஊர் கோவை. மோட்டாரும் பம்ப்பும் கம்ப்ரசரும் பிழைப்பாக இருக்கிற ஊர் என்பதால் இந்தத் தொழிலுக்கு வந்ததில் வியப்பில்லை. லேயில், கடைத்தெருவுக்கு மேலே ஏறும் ஒரு சந்தில், லடாக்கைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் புதிதாக மருத்துவமனை கட்டியிருந்தார். இரண்டு நாற்காலிகள். சரக்கு முன்பே லாரியில் மணாலி வழியாகக் கிளம்பி, 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாயையும், 5,300 மீட்டருக்கு மேலே தங்லங் கணவாயையும் கடந்து வந்து சேர்ந்திருந்தது. மரப்பெட்டிகள் என்னைவிட உயரமான இடங்களைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தன.

புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று விமான நிலையத்திலேயே எச்சரிக்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடி, மாடிப்படி ஏறாதே, குளிக்க அவசரப்படாதே. விடுதி அறையில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக லே அரண்மனையைப் பார்த்தேன். 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் காலத்தில் எழுந்த ஒன்பது அடுக்கு மண்கல் மாளிகை. குன்றும் சுவரும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. இந்தக் காற்றில் இவ்வளவு கல்லைச் சுமந்து ஏறியவர்களை நினைத்தபோது, செருப்பு மாட்டக் குனிந்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

மனிதனுக்கு இரண்டு நாள் ஓய்வு போதும்; ரத்தம் மெல்லப் பழகிக்கொள்ளும். இயந்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. கடல் மட்டத்தை மனத்தில் வைத்துச் செய்த இயந்திரம் எத்தனை நாள் படுத்துக் கிடந்தாலும் கடல் மட்டத்து இயந்திரம்தான். அதற்காக நாம்தான் கணக்கை மாற்றிப் போட வேண்டும்.

பல் மருத்துவ நாற்காலி என்றதும் சாய்ந்துகொள்ளும் மெத்தையும் தலைக்கு மேல் விளக்கும்தான் பலருக்கும் நினைவு வரும். தரைக்குக் கீழே அதற்கு வேறொரு உடம்பு இருக்கிறது. மின்சாரம் நீங்கலாக மூன்று குழாய்கள் அதற்கு உயிர்: உள்ளே வரும் தண்ணீர், உள்ளே வரும் அழுத்தக் காற்று, வெளியே போகும் உறிஞ்சல். கழிவு நீருக்கு நான்காவதாக ஒரு குழாய். இவையெல்லாம் நாற்காலியின் காலடியில் ஒரு சிறு பெட்டிக்குள் வந்து சேரும். தளம் பூசுவதற்கு முன்பே இடம் அளந்து பதித்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அரை அடி தள்ளியிருக்கிறது என்று தெரிந்தால் சம்மட்டிதான்.

காற்று எதற்கு? பல்லைக் குடையும் ஏரோட்டார் காற்றால் சுழல்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் 1957இல் அதை அறிமுகப்படுத்தினார். விரல் நுனி அளவுள்ள அதன் தலைக்குள் ஒரு குட்டிச் சக்கரம் நிமிடத்துக்கு 3 லட்சம் முதல் 4 லட்சம் சுற்று சுழலும். சக்கரத்தைத் தள்ள 2.5 முதல் 3 பார் அழுத்தம் வேண்டும். வழியில் வால்வுகளிலும் குழல்களிலும் இழப்பு இருப்பதால் நாற்காலியின் வாசலுக்கு 5.5 பாராவது வர வேண்டும். ஒரு நாற்காலிக்கு நிமிடத்துக்கு 70 லிட்டர் காற்று என்று நாங்கள் கணக்கில் கொள்வோம். அந்தக் காற்றில் எண்ணெயும் இருக்கக் கூடாது, ஈரமும் இருக்கக் கூடாது. எண்ணெய் ஆவி படிந்த பல்லில் நிரப்பும் பொருள் ஒட்டாது. ஈரம் புகுந்தால் அந்தக் குட்டிச் சக்கரத்தின் பேரிங் கெடும்.

தண்ணீர் எதற்கு? அந்த வேகத்தில் குடைந்தால் பல் சூடாகும். 1965இல் ஸாக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளின் பற்களைச் சூடாக்கிப் பார்த்தார்கள். பல்லின் உள்ளே வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோதே சுமார் 15 விழுக்காடு பற்களின் உயிர்ச்சதை மீளவில்லை. அன்றிலிருந்து குடையும் முனையில் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டராவது நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பொது விதி. தெளித்த நீர் எச்சிலோடும் பல் துகளோடும் தொண்டைக்குப் போகாமல் இருக்க உறிஞ்சல். பெரிய குழலின் வாயில் நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்று நுழைய வேண்டும். குழலின் விட்டம் 11 மில்லிமீட்டர். பெருக்கி வகுத்துப் பார்த்தால் அந்தச் சின்ன வாயில் காற்று மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது. நோயாளியின் உதட்டோரத்தில் ஒரு புயல்.

இவ்வளவும் கடலோரத்துக் கணக்கு. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் பாதரசத்தை 76 சென்டிமீட்டர் தூக்கிப் பிடிக்கும் வளிமண்டலம் இங்கே 49 சென்டிமீட்டர்தான் தூக்கும். நூற்றுக்கு அறுபத்தைந்து. கம்ப்ரசரின் பிஸ்டன் எந்த ஊரிலும் ஒரே கொள்ளளவைத்தான் விழுங்குகிறது. ஆனால் இங்கே ஒவ்வொரு வாயிலும் காற்றின் எடை மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 200 லிட்டர் உள்ளிழுக்கும் இயந்திரமும் 100 லிட்டர் தொட்டியும் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் சுமார் மூன்றரை நிமிடத்தில் 7 பார் ஏறிவிடும். லேயில் ஐந்து நிமிடத்தைத் தாண்டும்.

காத்திருப்பதோடு தீர்ந்துவிட்டால் தொல்லையில்லை. சமவெளியில் ஒரு பங்கு காற்றை எட்டு மடங்கு நெருக்கினால் கேஜில் 7 பார் காட்டும். லேயில் அதே 7 பாரை எட்ட பதினொன்றரை மடங்குக்கு மேல் நெருக்க வேண்டும். நெருக்க நெருக்கச் சூடு. அந்தச் சூட்டை எடுத்துச் செல்லவேண்டிய வெளிக்காற்றும் மெலிந்தது. மோட்டார்களைப் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணித்துத்தான் செய்கிறார்கள். அதற்கு மேலே திறனைக் குறைத்தே கணக்கிட வேண்டும். ஆகவே இரண்டு நாற்காலிக்கு 140 லிட்டர் என்பதை 0.65ஆல் வகுத்து 215 என்று ஆக்கி, அதற்கு மேல் ஓய்வு நேரமும் சேர்த்து, சமவெளியில் நான்கு நாற்காலிகளை ஓட்டும் கம்ப்ரசரை அனுப்பியிருந்தோம். ஒற்றை இயந்திரமாக அல்லாமல் இரண்டு தலைகளாக. ஒன்று ஓடும்போது மற்றது ஆறட்டும் என்று. "ரெண்டு சேருக்கு எதுக்குங்க நாலு சேர் மெஷினு?" என்று கோவையில் லாரி ஏற்றிய பையன் கேட்டான். லேயில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அங்கே நான்கு சக்கர வண்டிகளே ஏற்றத்தில் திணறுவதை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள்.

உயரம் எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைக் குளிர் திருப்பித் தருகிறது என்பதுதான் இந்த ஊரில் எனக்குப் பிடித்த கணக்கு. குளிர்காற்று அடர்ந்தது. ஜனவரியில் வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும் நாளில், 20 டிகிரி அறைக்காற்றைவிட வெளிக்காற்று ஏழில் ஒரு பங்கு கூடுதல் கனம். கம்ப்ரசரின் மூக்கை ஒரு வடிகட்டியோடு சுவருக்கு வெளியே நீட்டிவிட்டால் அந்த லாபம் நமக்கு. இன்னொரு லாபமும் உண்டு. சென்னையின் புழுக்க நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். நெருக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீராகிக் கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தேங்கும். அதைத் தினமும் திறந்துவிடச் சொல்லி மன்றாடுவது சமவெளியில் எங்கள் வாடிக்கை. லடாக் குளிர்காலத்தில் அதே காற்றில் ஓரிரு கிராம்தான். ஆனாலும் உலர்த்தியை விட்டுவிட முடியாது. சமவெளியில் குழாய்க்குள் ஒரு சொட்டு தேங்கினால் அது ஒரு சொட்டு தண்ணீர். இங்கே அது இரவில் ஒரு பனிக்கட்டி, காலையில் ஓர் அடைப்பு.

உறிஞ்சலுக்கு வருகிறேன். வேக்குவம் கேஜைப் பார்த்து மருத்துவர் கேட்டார்: "நான் படித்த கல்லூரியில் இந்த முள் 0.7க்கு மேலே நிற்கும். இது ஏன் 0.5ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது?"

இளநீரில் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சும்போது நாம் இளநீரை இழுப்பதாக நினைக்கிறோம். நாம் செய்வது ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் குறைப்பது மட்டுமே. மேலே தள்ளுவது வெளியே அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம். அந்த வளிமண்டலத்தின் பலமே லேயில் 0.65 பார்தான். உலகத்திலேயே சிறந்த பம்ப்பை வைத்தாலும் முள் அதைத் தாண்ட வழியில்லை. அரை பாரில் நின்ற அந்த முள் தன்னால் முடிந்ததில் முக்கால் பங்குக்கு மேல் எட்டியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாடு பெரிய கதை. பம்ப் வைத்து உறிஞ்சினால் கிணற்று நீர் 10 மீட்டர் சுமாருக்கு மேல் ஏறாது என்று 17ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கைவினைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று தெரியவில்லை. கலிலியோவின் சீடர் டோரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயைக் கவிழ்த்து, காற்றுக்கு எடை உண்டு என்று விளக்கினார். 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே அதே குழாயைச் சுமந்துகொண்டு ப்யூய் த தோம் என்ற மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. அவர் ஏறிய மலை 1,500 மீட்டரை எட்டாது. லே பள்ளத்தாக்கின் தரையே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம்.

உறிஞ்சலைப் பல விதமாக உண்டாக்கலாம். விலை குறைந்த நாற்காலிகளில் தனி மோட்டார் இருக்காது. கம்ப்ரசர் காற்றை ஒரு குறுகிய துளை வழியாகப் பாய்ச்சி அதன் வேகத்தில் எச்சிலை இழுப்பார்கள். ஏற்கெனவே காற்றுக்குத் தவிக்கும் ஊரில் அது கட்டுப்படியாகாது. சிலவற்றில் குழாய்த் தண்ணீரையே அப்படிப் பாய்ச்சி, அப்படியே சாக்கடைக்கு விடுவார்கள். லேயில் அது பாவம். தனி மோட்டார் வைத்த உறிஞ்சலே வழி என்று முடிவு செய்திருந்தோம். அதிலும் காற்றாடி வகை வேண்டாம் என்றேன். காற்றாடி தரும் அழுத்த வேறுபாடு காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் 160 மில்லிபார் தருவது இங்கே நூறு சொச்சத்தில் நின்றுவிடும். மெலிந்த காற்று நீர்த்துளியைத் தூக்கிச் செல்வதிலும் சளைக்கும். வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். எனவே இயந்திரம் ஒரு படி பெரிது, குழாயும் ஒரு படி அகலம், 90 டிகிரி எல்போ ஒன்றுகூட இல்லாமல் 45 டிகிரியில் இரண்டிரண்டாக வளைத்த திருப்பங்கள், மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு.

உறிஞ்சிய காற்றை அறைக்குள் விடக் கூடாது; நோயாளியின் வாயிலிருந்து வந்த காற்று அது. வடிகட்டி வைத்துக் கூரைக்கு மேலே விட வேண்டும். "புகாரி அடுப்பு வைத்துக் கஷ்டப்பட்டுச் சூடாக்கிய காற்றை இப்படி வெளியே தள்ளுகிறீர்களே" என்றார் மருத்துவர். நிமிடத்துக்கு 300 லிட்டர் என்றால் மணிக்கு 18 கன மீட்டர். அவர் சொன்னது நியாயம். அதற்காக இயந்திர அறையைத் தெற்குப் பக்கம் மாற்றினோம். லடாக் வீடுகளில் தெற்கு நோக்கி ஒரு கண்ணாடி அறை இருக்கும், ஷெல்காங் என்பார்கள். குளிர்கால வெயிலைப் பிடித்து வைக்கும் அறை. கம்ப்ரசரும் உறிஞ்சலும் அதன் பின்புறச் சுவரை ஒட்டி உட்கார்ந்தன. பகலில் வெயிலும் அவை ஓடும்போது உண்டாகும் சூடும் சேர்ந்து அந்த மூலையைக் கதகதப்பாக வைத்தன.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பாடம் நடத்தியவர் உள்ளூர் பிளம்பர். அறுபதை ஒட்டிய வயது. எல்லோரும் அவரை "ஆச்சோ-லே" என்று அழைத்தார்கள். அண்ணனே என்பது போல. அவர் என்னை "நோநோ" என்றார், தம்பி. எங்கள் இருவருக்கும் நடுவே ஓடிய இந்தி, இருவருடைய தாய்மொழியும் அல்ல என்பதால் சண்டை வராமல் ஓடியது.

நான் விரித்து வைத்த வரைபடத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். குழாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. "நோநோ, சாயங்காலம் கடையைப் பூட்டும்போது இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்?" என்றார்.

சமவெளியில் எனக்கு யாரும் போடாத கேள்வி. குழாயில் தண்ணீர் நிற்பதுதானே நமக்குப் பெருமை. லேயில் நவம்பர் முதல் மார்ச் வரை குழாயில் நிற்கும் தண்ணீர் குழாயைப் பிளக்கும். பனிக்கட்டியாகும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். பித்தளை யூனியனும் அதற்குத் தாங்காது. குளிர்காலத்தில் ஊரின் பல குழாய்கள் உறைந்து, லாரித் தண்ணீரையும் கைப்பம்பையும் நம்பித்தான் வாழ்க்கை. ஆகவே ஆச்சோ-லே சொன்னபடி எல்லாக் குழாய்களையும் ஒரே தாழ்ந்த மூலையை நோக்கிச் சரித்தோம். அங்கே ஒரு பால் வால்வு. சாயங்காலம் மேலே காற்றுக்கு வழிவிட்டு, கீழே அதைத் திறந்தால் கட்டடம் முழுவதும் ஐந்து நிமிடத்தில் காலி. தண்ணீர் ஒரு வாளியில் விழும். மறுநாள் தரை துடைக்க ஆகும்.

தண்ணீரின் அருமையை நிர்வாகமாக மாற்றியவர்கள் லடாக்கிகள். கிராமங்களில் பனியுருகிய நீரை யுரா என்னும் வாய்க்கால்களில் இறக்கி, ஸிங் என்னும் குளங்களில் தேக்குகிறார்கள். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று தீர்மானிக்க சுர்போன் என்றொருவர் உண்டு. நம் ஊர் ஏரிகளில் நீர்க்கட்டி செய்த வேலை. செவாங் நோர்பெல் என்ற பொறியாளர், குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரைத் தடுத்து உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகள் அமைத்தவர். 2015இல் பத்மஸ்ரீ பெற்றார். லடாக்கின் இன்னொரு பொறியாளரான சோனம் வாங்சுக் அதையே கூம்பாக நிமிர்த்திப் பனி ஸ்தூபியாக்கினார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் எடையாலேயே பீய்ச்சியடித்து, காற்றில் உறைந்து, கோபுரமாக வளர்ந்து, சித்திரை, வைகாசியில் உருகி விதைப்புக்கு உதவும். அதற்கு மோட்டாரே வேண்டாம்.

அங்கேதான் தண்ணீரின் குணம் விளங்குகிறது. காற்றை மெலியவைத்த உயரத்தால் தண்ணீரின் கனத்தைக் குறைக்க முடியவில்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சென்னையிலும் 1 பார்தான், லேயிலும் 1 பார்தான். மேலிருந்து இறங்கும் நீரை நம்பலாம். கீழிருந்து உறிஞ்சப்படும் நீரை நம்பக் கூடாது. 10 மீட்டர் என்ற அந்தப் பழைய எல்லை இங்கே கணக்கிலேயே ஆறேமுக்கால் மீட்டர், நடைமுறையில் இன்னும் குறைவு. நாற்காலிக்குத் தண்ணீர் 2 முதல் 4 பார் அழுத்தத்தில் வேண்டும். மாடித் தொட்டி அரை பார்கூடத் தராது. அதனால் சிறிய பூஸ்டர் பம்ப் ஒன்றை, தொட்டியைவிடத் தாழ்வாக, நீர் தானாக வந்து நிறையும் இடத்தில் வைத்தோம். வழியில் இரண்டு வடிகட்டிகள். பனியாறு பாறையை அரைத்த மாவு நீரோடு வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாவு வால்வு ரப்பர்களை உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும்.

குடையும் கருவிக்கு அந்தக் குழாய் நீரையும் கொடுக்கவில்லை. நாற்காலியின் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் தொங்குகிறது. அதில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மூடினால் கம்ப்ரசர் காற்று அதை அழுத்தித் தள்ளும். நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் வீதம் ஒரு பாட்டில் 20 நிமிடக் குடைதலுக்கு வரும். துப்பும் கிண்ணத்தில் சளசளவென்று ஓடிக்கொண்டே இருக்கும் நீரைச் சில விநாடிகளில் நின்றுவிடுமாறு அமைத்தோம். நாள் முடிவில் பாட்டிலைக் கழற்றிக் கவிழ்த்து, மெல்லிய குழல்களைக் காற்றால் ஊதி உலர்த்த வேண்டும். உறையாமல் இருக்க அது ஆச்சோ-லே விதி. நோய்க்கிருமித் தடுப்பு நூல்களும் அதையேதான் சொல்கின்றன என்று மருத்துவர் சிரித்தார். பல் மருத்துவ நாற்காலியின் மெல்லிய குழல்களில் இரவெல்லாம் தேங்கும் நீரில் கிருமிகள் வழவழப்பான படலமாக வளரும் என்பது 1963 முதலே தெரிந்த சங்கதி. இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் 2011இல் அப்படிப்பட்ட நீர்வழியிலிருந்து லீஜியோனெல்லா தொற்றி இறந்தார். ஒரு மில்லிலிட்டரில் கிருமிக் கூட்டங்கள் 500ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லும் அளவு. குளிருக்குப் பயந்து குழாயைக் காலி செய்கிற பழக்கம் கிருமியையும் பட்டினி போடுகிறது.

கழிவு நீரில் மருத்துவர் கண்டிப்பானவர். லேயில் ஓடும் ஒவ்வொரு ஓடையும் கீழே யாரோ ஒருவருடைய பார்லி வயலுக்குப் போகிறது. பழைய வெள்ளி அடைப்புகளில் ஏறத்தாழ பாதி பாதரசம். புதிதாக அதை வைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் வருகிறவர்களின் வாயில் பழையவை இருக்குமே, அவற்றைக் குடைந்து எடுக்கும்போது? ஆகவே உறிஞ்சலின் வழியில் துகள் பிரிக்கும் கருவி ஒன்று. சர்வதேச அளவுகோல்படி 95 விழுக்காடாவது பிடிக்க வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2018இல் அதில் சேர்ந்துவிட்டது. சமவெளியின் எத்தனையோ பெரிய மருத்துவமனைகளில் இந்தக் கருவியைப் பொருத்தலாமா என்று கேட்டால் விலையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். இங்கே இரண்டு நாற்காலி வைத்திருப்பவர் அதை முதலில் கேட்டார்.

மதியச் சாப்பாடு மருத்துவர் வீட்டில். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர், துக்பா, எனக்காகக் கொஞ்சம் சோறு. சோறு குக்கரில்தான் வேகும். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு விறகு போட்டாலும் அதற்கு மேல் சூடேறாது. அந்தச் சமையலறைப் பாடம் ஆட்டோகிளேவுக்கும் பொருந்தும். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய 121 டிகிரி வேண்டும். பழைய வகைகளில் கேஜ் முள் 1 பாரைத் தொட்டதும் 121 வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும். வெளிக்காற்றே குறைந்த லேயில் அதே முள், அதே இடத்தில் நிற்கும்போது உள்ளே 115 டிகிரிதான். முள் பொய் சொல்லவில்லை. ஆனால் கிருமி சாகவில்லை. எனவே அழுத்தத்தைப் பாராமல் வெப்பத்தை அளந்து ஓடும் ஆட்டோகிளேவையே வாங்கச் சொன்னோம்.

எல்லாவற்றையும் இணைத்துச் சுவிட்சைப் போட்ட நாளில், இரண்டு நாற்காலிகளையும் ஒன்றாக ஓட்டி, இரண்டு ஏரோட்டாரையும் இரண்டு உறிஞ்சலையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தோம். நாற்காலி வாசலில் 5.5 பார் இறங்காமல் நின்றது. கம்ப்ரசரின் ஒரு தலை ஓட, மற்றது ஓய்வெடுத்தது. ஆச்சோ-லே உள்ளங்கையை உறிஞ்சு குழலில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு கீழே போய், தண்ணீர் வடியும் வால்வைத் தானே ஒருமுறை திறந்து மூடினார். அவருக்கு அதுதான் சோதனை.

இயந்திரத்தின் கையேட்டில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் ஏதோ ஓர் ஊரின் காற்றைக் குடித்துவிட்டு எழுதியவை. அந்த ஊர் பெரும்பாலும் கடலோரம். இது லடாக்குக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே வளிமண்டல அழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அப்படியே. அங்கெல்லாம் மருத்துவமனை தொடங்கும் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: நாற்காலியின் நிறத்தையும் மெத்தையையும் தேர்வு செய்வதற்கு முன்னால், விற்பவரிடம் உங்கள் ஊரின் உயரத்தைச் சொல்லுங்கள். அந்த உயரத்தில் கம்ப்ரசர் எத்தனை லிட்டர் தரும், உறிஞ்சல் எவ்வளவு நிற்கும், ஆட்டோகிளேவ் வெப்பத்தை அளக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை உள்ளூர் பிளம்பரிடம் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு தளம் பூசுங்கள்.